உள்ளே 140, வெளியே 4: உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



பதினோராம் வகுப்பில் நரம்புப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் ஒரு வட்டம் வரைவீர்கள். வட்டத்துக்குள் பொட்டாசியம், வெளியே சோடியம். விளிம்பில் இரண்டு அம்புக்குறிகள்: மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் எழுதுவார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். மறு ஆண்டு நோய்த்தடைக்காப்பியல் பாடம் வரும்போது அந்த வட்டத்தை யாரும் திரும்ப வரைவதில்லை.

வரைய வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடல்.

உடலைக் காக்கும் வெள்ளணுக்கள் எப்போது சாக வேண்டும், எப்படிச் சாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அந்த அம்புக்குறிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கடந்த முப்பது ஆண்டுகளில் பல நாட்டு ஆய்வகங்களில் இது படிப்படியாகத் தெளிவாகியிருக்கிறது. கல்தூசியால் கெடும் நுரையீரல், யூரிக் அமிலத்தால் வீங்கும் கால் பெருவிரல், புற்றுநோய்க் கட்டிக்குள் சோர்ந்துபோகும் டி செல்கள் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததுபோல் தெரியும் சங்கதிகள் எல்லாம் அந்த வட்டத்தின் விளிம்பில் வந்து கூடுகின்றன.

முதலில் எண்கள். மனிதச் செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல். வெளியே, இரத்தத்தில், 4 அல்லது 5. சோடியம் இதற்கு நேர்மாறு: வெளியே 140க்குச் சற்று மேல், உள்ளே 10 முதல் 15. இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வைத் தாங்கி நிற்பது ஒரு கொழுப்புப் படலம். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள் ஒரு லட்சம் சவ்வுகளை அடுக்கிவிடலாம், அவ்வளவு மெல்லியது.

நம் ஊர் ஏரியை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் பிடிபடும். கரைக்கு உள்ளே நீர்மட்டம் உயரம், வெளியே வயல் பள்ளம். இடையில் திறந்து மூட மதகுகள். செல்லின் மதகுகளுக்கு அயனிக் கால்வாய்கள் என்று பெயர். ஏரிக்கும் செல்லுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மழை ஒருமுறை பெய்தால் ஏரி நிறைந்து நிற்கும். செல்லோ இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் ஸ்கோ நண்டுக்கால் நரம்புகளை அரைத்து எடுத்த சவ்வுத் துண்டுகளில் இந்த இறைப்பு எந்திரத்தைக் கண்டு 1957இல் அறிவித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், அதற்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு வேலைக்கே போகிறது என்பது பொதுவான கணக்கு.

இவ்வளவு செலவு செய்து காக்கும் பொருள் ஒழுகத் தொடங்கினால், செல் அதைச் சும்மா விடுமா?

ஒரு கல்குவாரிக்குப் போவோம். கிரஷர் ஓடுகிறது. தொழிலாளி முகத்தில் கட்டிய துண்டு கண்ணுக்குத் தெரியும் தூசியைத்தான் தடுக்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே உள்ள சிலிக்கா துகள் மூச்சோடு இறங்கி நுரையீரலின் காற்றுப்பை வரைக்கும் போய்விடுகிறது. அங்கே காவலிருப்பது மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணு. துகள் பட்டதும் சவ்வை நீட்டி, சுற்றி வளைத்து, விழுங்குகிறது. அது பாக்டீரியாவாக இருந்தால் லைசோசோம் பைக்குள் தள்ளிக் கரைத்திருக்கும். சிலிக்கா கரைவதில்லை. அந்தப் படிகத்தின் பரப்பு பையின் சவ்வையே குலைக்கிறது. பை கிழிந்து, உள்ளிருந்த நொதிகள் செல்லுக்குள் கொட்டுகின்றன. கூடவே வெளிச்சவ்வு வழியாகப் பொட்டாசியமும் வெளியேறுகிறது.

சில மணி நேரத்தில் அந்த மேக்ரோஃபேஜ் வெடித்துச் சாகிறது. விழுங்கிய துகள் மட்டும் அப்படியே வெளியே விழுகிறது. இன்னொரு மேக்ரோஃபேஜ் ஓடிவந்து அதே துகளை விழுங்குகிறது. அதுவும் சாகிறது. ஒரே துகள், அடுத்தடுத்துச் சாவுகள், ஒவ்வொரு சாவிலும் அழற்சி, அதன்மேல் தழும்பு. சிலிக்கோசிஸ் வளர்வதன் அடித்தளம் இதுதான். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் சிலேட்டுப் பென்சில் அறுத்த தொழிலாளர்களை இளம் வயதிலேயே இந்த நோய் வாரிக்கொண்டு போனது. நம் குழந்தைகள் எழுதிப் பழகிய அதே சிலேட்டுப் பென்சில்.

சிலிக்காவை விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் சாகின்றன என்பது 1966இலேயே தெரியும். ஆலிசன், ஹாரிங்டன், பிர்பெக் ஆகிய மூவர் ஆய்வகத் தட்டில் அதைக் காட்டிவிட்டார்கள். சாவுக்கான ஆணை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1994இல் பெர்ரகோ, கேபல் என்ற இரு ஆய்வாளர்கள் மேக்ரோஃபேஜுக்குள்ளிருந்து பொட்டாசியத்தை வடித்துவிட்டால், காய்ச்சலையும் அழற்சியையும் கிளப்பும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதம் முதிர்ந்து வெளிவருகிறது என்று கண்டார்கள். 2002இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் யூர்க் சோப்பின் குழு, அந்தப் புரதத்தை வெட்டி முதிரவைக்கும் காஸ்பேஸ்-1 நொதியைத் தட்டியெழுப்பும் கூட்டுப் புரத எந்திரம் ஒன்றை விவரித்து, அதற்கு இன்ஃபிளமசோம் என்று பெயர் வைத்தது. இன்ஃபிளமசோம் வகைகளுள் அதிகம் ஆராயப்பட்டதன் உணர்விப் புரதம் என்எல்ஆர்பி3. கல்நாரும் சிலிக்காவும் எழுப்புவது இதைத்தான் என்று 2008இல் பல குழுக்கள் தனித்தனியே காட்டின.

இங்கேதான் ஒரு புதிர் எழுந்தது. என்எல்ஆர்பி3ஐ எழுப்பும் பொருள்களைப் பட்டியலிட்டால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிலிக்கா ஒரு கனிமம். யூரிக் அமிலப் படிகம் உடலின் கழிவு. கொலஸ்டிரால் படிகம் கொழுப்பு. ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு ஒரு பாக்டீரியப் புரதம். சிதைந்த செல்லிலிருந்து கொட்டும் ஏடிபி நம் உடலின் சக்தி நாணயம். இத்தனையையும் அடையாளம் காண ஒரே புரதத்தால் எப்படி முடியும்?

2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் காப்ரியேல் நூனியஸின் குழு செய்த சோதனை, பிளஸ் டூ மாணவருக்கும் புரியும் அளவுக்கு எளிமையானது. மேக்ரோஃபேஜ்களைச் சுற்றியுள்ள திரவத்தில் பொட்டாசியத்தைக் கூட்டினார்கள். வெளியேயும் உள்ளே இருக்கும் அளவுக்கு ஏறிவிட்டால், உள்ளிருப்பது ஓட வழியில்லை. அப்போது நச்சைக் கொடுத்தாலும் படிகத்தைக் கொடுத்தாலும் இன்ஃபிளமசோம் எழவில்லை. பிறகு, பொட்டாசியமே இல்லாத திரவத்தில் வைத்தார்கள். நச்சும் இல்லை, படிகமும் இல்லை. எழுந்துவிட்டது.

என்எல்ஆர்பி3 எந்த எதிரியின் முகத்தையும் பார்ப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஏரிக்கரையில் நடக்கும் நீர்ப்பாய்ச்சி, கரையை உடைத்தது நண்டு வளையா, எலி வளையா, வெள்ளமா என்று முதலில் கேட்பதில்லை. மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கிறார். நச்சு சவ்வில் துளை போட்டாலும், ஏடிபி ஒரு மதகைத் திறந்துவிட்டாலும், படிகம் உள்ளிருந்து கிழித்தாலும் விளைவு ஒன்றே: பொட்டாசியம் இறங்கும். புதிய எதிரி நாளை வந்தாலும் அந்த மட்டம் காட்டிக்கொடுத்துவிடும். விதிவிலக்கும் உண்டு. இமிக்விமோட் என்ற மருந்து பொட்டாசிய இழப்பு இல்லாமலேயே என்எல்ஆர்பி3ஐ எழுப்புகிறது என்று 2016இல் தெரியவந்தது. வகுப்பில் அதையும் சொல்லிவிடுவது நல்லது. விதியைவிட விலக்கில் கண் வைக்கும் மாணவர்கள் இருப்பார்கள்.

இன்ஃபிளமசோம் எழுந்த பிறகு நடப்பது வேகமானது. காஸ்பேஸ்-1 இன்னொரு புரதத்தையும் வெட்டுகிறது. காஸ்டெர்மின் டி என்ற அந்தப் புரதத்தின் பங்கை 2015இல் பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவோவின் குழுவும் அமெரிக்காவில் விஷ்வ தீட்சித்தின் குழுவும் ஒரே சமயத்தில் வெளிக்கொண்டு வந்தன. வெட்டுண்ட காஸ்டெர்மின் துண்டுகள் முப்பதுக்கு மேல் சேர்ந்து, சவ்வின் உட்புறத்தில் வளையமாக நின்று, அதைத் துளைக்கின்றன. துளையின் விட்டம் சுமார் 20 நானோமீட்டர். ஓர் அயனிக்கு அது ராஜபாட்டை. பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன, பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. செல் ஊதிப் பெருக்கிறது. இன்டர்லூகின்-1 பீட்டா அதே துளை வழியாக வெளியேறி அக்கம்பக்கத்தை எச்சரிக்கிறது. இந்தச் சாவுக்கு 2001இல் குக்சனும் பிரென்னனும் வைத்த பெயர் பைரோப்டோசிஸ். கிரேக்கத்தில் ‘பைரோ’ என்றால் நெருப்பு.

துளை விழுந்தால் சாவு உறுதி என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். கால்சியம் அந்த நினைப்பை மாற்றியது. லோசானில் பெட்ர் புரோஸின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, துளை வழியே உள்ளே வரும் கால்சியமே பழுதுபார்க்கும் புரதங்களை அந்த இடத்துக்கு அழைக்கிறது. அவை துளை விழுந்த சவ்வுப் பகுதியைக் குமிழாகக் கிள்ளி வெளியே எறிந்துவிடுகின்றன. கிள்ளும் வேகம் முந்தினால் செல் பிழைக்கும். துளைகள் முந்தினால் சாகும். ஒரே துளையில் ஓர் அயனி சாவை நோக்கி இழுக்க, இன்னோர் அயனி உயிரை நோக்கி இழுக்கிறது. கடைசிக் கட்டத்தில் செல் வெடிப்பதும் தானாக நடப்பதன்று. நிஞ்சுரின்-1 என்ற சவ்வுப் புரதம்தான் சவ்வை உடைக்கிறது என்று 2021இல் தீட்சித்தின் குழு காட்டியது. வெடித்துச் சாவதையும் செல் ஒரு வேலையாகவே செய்கிறது.

எல்லா வெள்ளணுக்களும் இப்படிச் சத்தம் போட்டுச் சாவதில்லை. தைமஸ் சுரப்பியில் உருவாகும் டி செல்களில் பெரும்பாலானவை வெளியே வராமல் அங்கேயே சாகின்றன. சொந்த உடலையே தாக்கக்கூடியவையும், எதற்கும் பயன்படாதவையும் அங்கே கழிக்கப்படுகின்றன. ஒரு காய்ச்சல் தணிந்த பிறகு, அதற்காகப் பெருகிய டி செல் கூட்டமும் இப்படியே குறைகிறது. 1972இல் கெர், வைலி, கர்ரி ஆகிய மூவர் இந்த அமைதியான சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

இதன் முதல் அடையாளம் செல் சுருங்குவது. சுருங்குவதற்குக் காரணம், மீண்டும், பொட்டாசியம். வடக்குக் கரோலினாவில் கார்ல் போர்ட்னர், ஜான் சிட்லோவ்ஸ்கி குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வுகள் லிம்ஃபோசைட்டுகளில் இதை அழகாகக் காட்டின. டிஎன்ஏ துண்டுபட்டிருந்த செல்கள் எல்லாம் சுருங்கியவை; சுருங்கியவை எல்லாம் பொட்டாசியத்தை இழந்தவை. பொட்டாசியம் வழக்கமான அளவில் இருக்கும்வரை, டிஎன்ஏவை நறுக்கும் நொதிகளும் காஸ்பேஸ்களும் அடங்கிக் கிடக்கின்றன. அளவு இறங்கினால் அவை விழித்துக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் 140 என்ற அந்த எண் இத்தனை நாளும் சாவின் நொதிகளைக் கட்டிப்போட்டிருந்த கயிறு என்று மாணவர்களுக்குச் சொன்னால், அந்த எண் அவர்களுக்கு மறக்குமா?

இரண்டு சாவிலும் பொட்டாசியம் வெளியேறுகிறது. ஒன்றில் மதகுகள் வழியே அளவோடு வெளியேற, தண்ணீரும் கூடவே போய்ச் செல் சுருங்குகிறது, சிறு பொட்டலங்களாகப் பிரிந்து பக்கத்துச் செல்லுக்கு இரையாகிறது, அழற்சி இல்லை. இன்னொன்றில் கரையே உடைய, உள்ளே பாயும் சோடியத்தின் பின்னால் தண்ணீர் புகுந்து செல் ஊதி வெடிக்கிறது. அயனி எந்த வழியில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதையும் பொறுத்தே சாவின் வகை அமைகிறது.

பொட்டாசியம் வெளியே தேங்கினாலும் ஆபத்துதான். கட்டிகளின் நடுவில் இரத்த ஓட்டம் போதாமல் புற்றுச் செல்கள் அழுகிச் சாகும். அவை உடையும்போது உள்ளிருந்த பொட்டாசியம் சுற்றியுள்ள திரவத்தில் கொட்டி, இரத்தத்தில் இருப்பதைப்போல் பல மடங்கு ஏறிவிடுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நிக்கோலஸ் ரெஸ்டிஃபோவின் குழு 2016இல் இதை அளந்தது. அந்தத் திரவத்தில் நீந்தும் டி செல்கள் தம் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் செயலிழக்கின்றன. டி செல்லின் சவ்வில் பொட்டாசியக் கால்வாய் இருப்பதை 1984இலேயே கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் டிகோர்சி, சாண்டி, குப்தா, காஹலான் ஆகியோர் கண்டறிந்திருந்தார்கள். ரெஸ்டிஃபோ குழு அந்தக் கால்வாயை டி செல்களில் கூடுதலாக வைத்து எலிகளுக்குச் செலுத்தியது. சோர்ந்த செல்கள் மீண்டும் கட்டியைத் தாக்கின, எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன.

நம் மண்ணோடு நேரே தொடர்புள்ள ஓர் எடுத்துக்காட்டும் இதில் உண்டு. நள்ளிரவில் கால் பெருவிரல் நெருப்பாய்க் கொதிக்க, போர்வை பட்டாலே துடித்து எழுகிறவர்களின் நோய் கவுட். மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகங்கள் என்எல்ஆர்பி3 வழியாகத்தான் அழற்சியைக் கிளப்புகின்றன என்று 2006இல் சோப்பின் குழு காட்டியது. கவுட்டுக்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படும் கோல்ச்சிசின், அந்தப் படிகங்கள் தூண்டும் இன்டர்லூகின் முதிர்ச்சியை மேக்ரோஃபேஜில் தடுப்பதையும் அதே ஆய்வு கண்டது. கோல்ச்சிசின் எடுக்கப்படும் செடிகளுள் ஒன்று நம் மாநில மலரான செங்காந்தள். ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் பந்தலில் ஏற்றி வளர்க்கும் கண்வலிக்கிழங்கு அதுவேதான். அதன் விதை மருந்துத் தொழிலுக்காக ஏற்றுமதியாகிறது. மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கக் குறைந்த அளவு கோல்ச்சிசினைத் தர 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. இரத்தக் குழாயில் படியும் கொலஸ்டிரால் படிகங்களும் இதே இன்ஃபிளமசோமை எழுப்புகின்றன என்பதை நினைத்தால், இந்த மருந்து கால் விரலிலிருந்து இதயத்துக்கு வந்து சேர்ந்த வழி புரியும். செங்காந்தளின் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு என்பதையும் வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இந்தச் செடியில் உள்ள தூரம் மிகக் குறைவு.

அழற்சியை முழுக்க அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் என்ற மருந்தை மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது. மீண்டும் இதய நோய்க்கு ஆளாவது குறைந்தது. ஆனால் மருந்து எடுத்தவர்களிடையே உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மேக்ரோஃபேஜ் நெருப்பு மூட்டிச் சாவது நமக்காகத்தான். கிருமி தனக்குள் குடியேறி வளர்வதைவிடத் தன் வீட்டையே கொளுத்தி ஊரை எழுப்புகிறது அது. சிலிக்காவும் யூரிக் அமிலமும் கிருமியைப்போல் நடித்து, அந்த நல்ல ஏற்பாட்டை நமக்கு எதிராகத் திருப்பிவிடுகின்றன.

ஆசிரியர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, நோய்த்தடைக்காப்பியல் பாடத்தின் முதல் நாளில் பதினோராம் வகுப்பு வட்டத்தை மறுபடியும் வரையுங்கள். எதிர்ப்பொருள், எதிர்த்தூண்டி என்று தொடங்குமுன், காவலிருக்கும் செல்லுக்கு ஒரு சவ்வு உண்டு, அந்தச் சவ்வின் இருபுறமும் எண்கள் உண்டு என்று நினைவூட்ட ஐந்து நிமிடம் போதும்.

இரண்டு, செய்முறை வகுப்பில் வெங்காயத் தோலை உப்புக் கரைசலில் வைத்துக் காட்டும்போது, சுருங்கும் செல்லைப் பார்த்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடாதீர்கள். உப்பு வெளியே கூடினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை அந்தப் பிள்ளைகள் அப்போதுதான் கண்ணால் பார்த்திருப்பார்கள். அதே கையோடு நூனியஸின் சோதனையைக் கதையாகச் சொல்லி, முடிவை மட்டும் மறைத்துவிட்டு, “வெளியே பொட்டாசியத்தைக் கூட்டினால் மேக்ரோஃபேஜ் என்ன செய்யும்? குறைத்தால் என்ன செய்யும்?” என்று கேளுங்கள். மனப்பாடத்தில் இல்லாத விடையை யோசித்துச் சொல்ல அது நல்ல வாய்ப்பு.

மூன்று, குவாரியும் கிரஷரும் செங்கல் சூளையும் உள்ள ஊர்ப் பள்ளிகளில் நீங்கள் பணியாற்றினால், சிலிக்காவின் கதையைத் தவறாமல் சொல்லுங்கள். சிலிக்கோசிஸ் வந்தபின் நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. அந்த நோய் உள்ளவர்களைக் காசநோயும் எளிதில் பற்றிக்கொள்கிறது. தடுப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது: கல்லை ஈரப்படுத்தி உடைப்பது, தூசி எழாமல் நீர் தெளிப்பது, துண்டுக்குப் பதிலாக முறையான முகக்கவசம். சட்டப்படி சிலிக்கோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதும் அந்தக் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த வகுப்பில், கல் உடைத்துவிட்டு மாலையில் இருமிக்கொண்டு வீடு திரும்பும் அப்பாவின் மகளும் உட்கார்ந்திருக்கக்கூடும். கரும்பலகையில் நீங்கள் வரையும் வட்டம் அவளுக்கு அப்பாவின் நுரையீரலில் இருக்கும் ஒரு செல். பாடம் முடிந்து மணி அடித்த பிறகு அவள் மேசைக்கு அருகில் வந்து, அப்பாவை எந்த மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும் என்று கேட்டால், மாவட்ட மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லும்படியும் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உயிரியல் பிரிவின் பழைய மாணவர் ஒருவர்